ஃபெர்னாண்டோ டோரஸ்: புதிதாகப் பார்ப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

கால்பந்துக்குப் புதியவர்கள் ஒரு ஸ்ட்ரைக்கரை, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரரை, பந்து அவர் காலுக்கு வந்த பிறகுதான் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்குள் அவருடைய வேலையில் பாதி முடிந்திருக்கும். எங்கே நின்றார், எப்போது ஓடத் தொடங்கினார், தன்னைத் தடுக்க நிற்கும் டிஃபண்டரின் எந்தத் தோள் பக்கமாகப் போனார் என்பதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். இதைப் பழகிக்கொள்ள ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸைப் போல நல்ல பாடம் வேறில்லை என்பது என் எண்ணம். அவர் ஆட்டத்தில் ஒளிவுமறைவே கிடையாது. நன்றாக ஆடும் நாளில் அது முதல் ஓட்டத்திலேயே தெரியும். ஆடாத நாளில் தோள் தொங்குவதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 24 வயதில் உலகின் முதல் மூன்று ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தவர், 27 வயதில் திறந்து கிடந்த கோலுக்குள் பந்தை அடிக்க முடியாமல் தரையில் விழுந்து கிடந்தார். அதற்கு அப்புறமும் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக், யூரோபா லீக், ஐரோப்பிய நாடுகளின் யூரோ என்று வென்றுகொண்டே இருந்தார். ஒருவருடைய திறமையையும் சுபாவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு வாழ்க்கை எளிதில் அமையாது. இந்த வழிகாட்டி அவரை எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்ப்பது என்பதைப் பற்றியது. ஆட்டங்களின் சுருக்கம் யூஏஃபா, ஃபிஃபா, அந்தந்தக் கிளப்புகளின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல்களில் பெரும்பாலும் கிடைக்கும். முழு ஆட்டம் கிடைத்தால் அதையே பாருங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள்: "டோரஸ் தவறவிட்ட கோல்கள்" என்று தொகுத்த வீடியோக்களை இப்போதைக்குத் திறக்காதீர்கள். அவற்றில் நடந்தது பொய் இல்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால், விழுந்த உயரம் எவ்வளவு என்பது கடைசி வரை புரியாது.

முதல் படி: வியன்னா, 2008 ஜூன் 29

யூரோ 2008 இறுதி ஆட்டம், ஸ்பெயினும் ஜெர்மனியும். ஸ்பெயின் அதற்கு முன் பெரிய கோப்பை ஒன்றை வென்றது 1964-இல். அணியில் அதிக கோல் அடித்திருந்த டேவிட் வியா காயத்தால் வெளியே. அதனால் முன்னால் டோரஸ் மட்டும் தனியாக. அந்தத் தொடரில் அதுவரை அவர் அடித்திருந்தது ஒரே ஒரு கோல்.

முதல் 30 நிமிடங்கள் பந்தைப் பார்க்காமல் டோரஸை மட்டும் பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், கண் தானாகவே பந்தின் பின்னால் போகும். திரும்பத் திரும்பக் கொண்டுவாருங்கள். டோரஸ் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். இரண்டு டிஃபண்டர்களுக்கு நடுவே நடப்பார், ஒருவரின் முதுகுக்குப் பின்னால் போவார், சட்டென்று பக்கவாட்டில் விலகுவார். பத்து ஓட்டம் ஓடினால் எட்டில் பந்து வராது. ஒன்பதாவதையும் அதே வேகத்தில்தான் ஓடுவார். 23-ஆவது நிமிடம் வாக்கில் தலையால் முட்டிய பந்து கோல்போஸ்ட்டில் பட்டுத் திரும்பும். அதற்காகத் தலையில் கைவைத்து நாடகம் எதுவும் ஆட மாட்டார்.

33-ஆவது நிமிடத்தில் வரும் கோலை ஐந்தாறு முறையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்பெயினின் நடு ஆட்டக்காரர் சாவி நடுவிலிருந்து முன்னால் பந்தைத் தள்ளுகிறார். பந்துக்கு அருகில் இருப்பவர் ஜெர்மனியின் பிலிப் லாம். உலகின் சிறந்த ஃபுல்பேக்குகளில் (ஓரத்தில் ஆடும் டிஃபண்டர்களில்) ஒருவர், அவசரப்பட்டுத் தப்பு செய்கிறவர் இல்லை. கோல்கீப்பர் யென்ஸ் லேமனும் வெளியே ஓடி வருகிறார். லாம் தன் உடலை வைத்துப் பந்தை மறைத்துக் கீப்பருக்கு விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தது போலத் தெரியும். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. டோரஸ் லாமின் வெளிப்பக்கமாகச் சுற்றி வருகிறார், தோளைக் கொடுத்து முந்துகிறார், சறுக்கி விழும் லேமனுக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிடுகிறார். பந்து துள்ளித் துள்ளி எதிர்ப்பக்க போஸ்ட்டை ஒட்டி உள்ளே போகிறது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

இந்தக் கோலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, ஓட்டம் தொடங்கிய நேரம்: சாவி பந்தைத் தொடும் முன்பே டோரஸின் உடல் முன்னால் சாய்ந்துவிட்டது. இரண்டு, தனக்கு வராத பந்தையும் தன்னுடையதாக நினைத்துத் துரத்தியது. லாமுக்குத்தான் அந்தப் பந்து, யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாவது கடைசித் தொடுதல். அவ்வளவு வேகத்தில் ஓடி வந்தவர் பலமாக அடிக்கவில்லை.

அந்த அணியின் பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ். டோரஸ் அட்லெடிகோ மாட்ரிடில் பதின்ம வயதுப் பையனாக இருந்தபோது அங்கேயும் அவரை வைத்து ஆடியவர் இவர்தான். பையனைத் தட்டிக் கொடுத்து வளர்த்தவர் இல்லை, திட்டி வளர்த்தவர். டோரஸின் அடக்கத்துக்கு அதிலும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் படி: லிவர்பூல் நாட்கள்

வியன்னாவுக்கு ஓராண்டு முன்பு, 2007 கோடையில் டோரஸ் லிவர்பூலுக்குப் போனார். முதல் சீசனிலேயே பிரீமியர் லீகில் 24 கோல். இங்கிலாந்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் முதல் சீசனில் அதுவரை அவ்வளவு அடித்ததில்லை. பிறகு 72 லீக் ஆட்டங்களில் 50 கோலைத் தொட்டார். அந்தக் கிளப்பில் அதுவரை அத்தனை வேகமாக யாரும் அந்த எண்ணிக்கைக்குப் போனதில்லை.

இந்தக் காலத்திலிருந்து இரண்டு கோல் போதும். முதலாவது 2007 ஆகஸ்ட் 19, செல்சிக்கு எதிராக லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் அவர் அடித்த முதல் கோல். லிவர்பூல் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டின் பாஸ், இடது பக்கத்தில் ஒரு டிஃபண்டரை எதிர்கொண்டு ஒரே அசைவில் கடந்து, தூர மூலையில் வைக்கிறார். இரண்டாவது 2009 மார்ச் 14, ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. பின்னாலிருந்து உயரமாக ஒரு நீளப் பந்து வருகிறது. யுனைடெட் டிஃபண்டர் விடிச் அதைத் துள்ளவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார். அந்தக் காலத்தில் விடிச்சிடமிருந்து பந்தைப் பிடுங்குவது என்பது நினைத்துப் பார்க்கிற காரியமே இல்லை. டோரஸ் குறுக்கே நுழைந்து பிடுங்கிக்கொண்டு போய் கோல் அடித்தார். லிவர்பூல் 4-1 என்று வென்றது.

அவர் எப்படி இவ்வளவு கோல் அடித்தார் என்பதற்கு ஜெரார்டைப் பார்க்க வேண்டும். பந்து கிடைத்த உடனேயே, தலையை நிமிர்த்தி யோசிக்காமல், டிஃபண்டர்களுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்கு அனுப்புவார். டோரஸும் அங்கே ஓடிக்கொண்டிருப்பார். எதிரணி முன்னேறி ஆடினால்தான் பின்னால் அந்த இடம் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

மூன்றாம் படி: இப்போது பின்னால் போங்கள்

ஒருவருடைய உச்சத்தைப் பார்த்த பிறகு அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்பதுதான் சுவை. டோரஸ் 1984 மார்ச் 20-இல் மாட்ரிடுக்குத் தெற்கே ஃபுவென்லப்ராடாவில் பிறந்தார். அட்லெடிகோ பற்று தாத்தாவிடமிருந்து வந்தது. 11 வயதில் கிளப்பில் சேர்ந்தார். மனுவேல் பிரின்யாஸ் என்ற மூத்தவர்தான் அங்கே இளம் பிள்ளைகளைக் கண்டெடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெயரை மறக்காதீர்கள், பிறகு வருவார்.

2001 மே 27, லெகானெஸுக்கு எதிராக முதல் ஆட்டம். அடுத்த வாரம் அல்பாசெட்டேவில் முதல் கோல். அப்போது அட்லெடிகோ இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளப் விழுந்து கிடந்த நேரம், ரசிகர்கள் நொந்துபோன நேரம், 17 வயதுப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான். "எல் நீன்யோ" (சிறுவன்) என்று செல்லமாகக் கூப்பிட்டு அவன் தோளில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டார்கள். 2002-இல் முதல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். 19 வயதில் கேப்டன் பட்டை கையில் வந்தது.

அந்த வயதில் அவ்வளவு பாரத்தைச் சுமப்பவர்கள் இரண்டு விதமாக மாறுவார்கள். சிலர் அதில் மிதந்து ஆடம்பரமாகிவிடுவார்கள். டோரஸ் உள்ளுக்குள் ஒடுங்கினார். பேச்சு குறைவு, சண்டை குறைவு, தவறு எதுவானாலும் தன் மேல் போட்டுக்கொள்வார். இந்தப் பழக்கம் அவருக்குப் பலமாகவும் இருந்தது, பின்னால் பெரிய சுமையாகவும் ஆனது. இந்தக் காலத்துக் காட்சிகள் கிடைத்தால் கோல் அடித்த பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு நிம்மதி தெரியும். கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது.

இந்தப் படியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 2003-04 சீசனின் 19 லீக் கோல்களில் நாலைந்தைப் பார்த்தால் போதும்.

நான்காம் படி: விழுந்தது எப்படி

இங்கே பொறுமை வேண்டும். பலரும் "50 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள், வீணாய்ப் போனார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனம்.

2008-09-இலேயே தொடைத்தசைக் காயம் அவரைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்தது. 2010-இல் ஜனவரி, ஏப்ரல் என்று ஒரே முழங்காலில் நான்கு மாதத்துக்குள் இரண்டு அறுவை சிகிச்சை. அடுத்த இரண்டு மாதத்தில் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவில் ஒரு கோலும் இல்லை. இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் உள்ளே வந்தார், முடியும் நேரத்தில் தசை பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். இனியெஸ்டா அடித்து ஸ்பெயினுக்குக் கோப்பையைத் தந்த அந்த 116-ஆவது நிமிடக் கோலை மறுபடி பாருங்கள். அதற்கு முன் இடது பக்கத்திலிருந்து பெனால்டி பெட்டிக்குள் பந்தை அனுப்புவது டோரஸ். ஹாலந்து டிஃபன்ஸ் அதைச் சரியாக வெளியேற்ற முடியாமல் போய்த்தான் ஃபாப்ரிகாஸுக்கும் அங்கிருந்து இனியெஸ்டாவுக்கும் பந்து போனது.

2011 ஜனவரி 31, செல்சி. 50 மில்லியன் பவுண்டு, அன்றைய பிரிட்டிஷ் சாதனை. தானாகவே கேட்டுக்கொண்டு போனதால் லிவர்பூல் ரசிகர்கள் அவர் பெயர் போட்ட ஜெர்சியை எரித்தார்கள். முதல் ஆட்டமே லிவர்பூலுக்கு எதிராக அமைந்தது, செல்சி தோற்றது. அந்தக் கிளப்புக்கு முதல் கோல் அடிக்க ஏப்ரல் 23 வரை ஆனது.

ஏன் இப்படி? இரண்டாம் படியில் சொன்ன வெற்றிடம் நினைவிருக்கிறதா? செல்சியோடு ஆடிய அணிகள் பின்னால் ஒதுங்கி நின்றன. ஓடிப் போக இடமே இல்லை. முன்னால் ட்ரோக்பா ஏற்கெனவே வேரூன்றி நின்றார், அணி அவருக்கேற்ப அமைந்திருந்தது. முழங்காலும் முதல் மூன்று அடியில் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வெடிப்பை இழந்திருந்தது. ஒரு ஆண்டுக்கு ஒரு பயிற்சியாளர் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவுக்கும் மேல், எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும் சுபாவம்.

சரி, இப்போது அந்தத் தவறவிட்ட கோலைப் பார்க்கலாம். ஆனால் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு வீடியோக்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்துவது இந்த ஜோடியைத்தான்.

முதலாவது 2011 செப்டம்பர் 18, ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. இடைவேளை முடிந்த உடனே யுனைடெட் கீப்பர் டே ஹெயாவுக்கு மேலாகப் பந்தைத் தூக்கி அழகான கோல் ஒன்றை அடித்திருந்தார் என்பது பலருக்கும் நினைவிருக்காது. 83-ஆவது நிமிடம், மறுபடி டே ஹெயா. காலை ஆட்டிப் போக்குக் காட்டுகிறார், கீப்பர் விழுந்துவிட்டார், முன்னால் வெறும் வலை. இடது காலால் தட்டுகிறார், பந்து வெளியே போகிறது. தரையில் விழுந்து முகத்தை மூடிக்கொள்கிறார். கீப்பரைக் கடந்த பிறகு அவர் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். அவசரம் தெரியும். மிச்சம் இருந்த நேரத்தை அவர் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

இரண்டாவது 2012 ஏப்ரல் 24, பார்சிலோனாவின் கேம்ப் நோவில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. டெர்ரி சிவப்பு அட்டை வாங்கிப் போய் செல்சி பத்துப் பேரோடு ஆடுகிறது. 80-ஆவது நிமிடத்தில் டோரஸ் உள்ளே வருகிறார், பெரும்பாலும் டிஃபன்ஸ்தான் ஆடுகிறார். காயங்களுக்காகக் கூட்டிய நேரத்தில் செல்சி ஒரு பந்தை நீளமாக வெளியேற்றுகிறது. பாதி மைதானம் காலி, டோரஸ் தனியாக. எதிரே கீப்பர் வால்தெஸ் மட்டும். அதே நிலைமை, அதே முடிவு: கீப்பரைச் சுற்றிப் போவது. ஏழு மாதம் உலகமே சிரித்த அதே காரியத்தை, அந்த இடத்தில் இன்னொரு முறை செய்யத் துணிந்தார். இந்த முறை பொறுமையாக ஒரு அடி கூடுதலாக வைத்து வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 2-2, செல்சி இறுதிக்குப் போனது.

திறமை திரும்பி வந்ததாக நான் சொல்லவில்லை. வேகம் வரவே இல்லை. ஆனால் மனத்திண்மை என்பது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கோலைத்தான்.

மே 19, மியூனிக் இறுதியில் மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசிக் கட்டத்தில் உள்ளே வந்து அவர் பெற்றுத் தந்த கார்னரிலிருந்துதான் ட்ரோக்பா 88-ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். கோப்பை வென்ற அன்றிரவே, முதலிலிருந்து ஆட விடாதது எவ்வளவு வலித்தது என்று பத்திரிகையாளர்களிடம் மறைக்காமல் சொன்னார். அடக்கமானவர் என்றால் எதையும் விழுங்கிக்கொள்பவர் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: கீவ், 2012 ஜூலை 1

யூரோ 2012-இல் ஸ்பெயின் பல ஆட்டங்களை ஸ்ட்ரைக்கர் இல்லாமலேயே, ஃபாப்ரிகாஸை முன்னால் வைத்து ஆடியது. டோரஸ் மொத்தத் தொடரிலும் ஆடியது 189 நிமிடங்கள். இத்தாலிக்கு எதிரான இறுதியில் 75-ஆவது நிமிடத்தில் வந்து 84-இல் கோல் அடித்தார். இரண்டு யூரோ இறுதிகளில் கோல் அடித்த முதல் ஆள் ஆனார்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த கோல். 88-ஆவது நிமிடம், பந்து டோரஸ் காலில், கோல் எதிரே. அடிக்கலாம். இத்தனை நாள் கேலி கேட்ட ஒருவருக்கு அடிக்க எல்லா உரிமையும் உண்டு. பக்கத்தில் வந்த ஹுவான் மாட்டாவுக்குத் தட்டிக் கொடுத்தார், 4-0. தொடரின் அதிக கோல் மூன்று, அந்த எண்ணிக்கையில் ஆறு பேர் நின்றார்கள். கோலுக்கு உதவிய பாஸ், ஆடிய நிமிடங்கள் என்று பார்த்து அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை டோரஸுக்குக் கொடுத்தார்கள். அந்த பாஸ் இல்லாமல் அது கிடைத்திருக்காது.

2013 யூரோபா லீக் இறுதியிலும் பென்ஃபிகாவுக்கு எதிராகக் கீப்பரைச் சுற்றிப் போய் ஒரு கோல் அடித்தார். அதையும் அந்த ஜோடியோடு சேர்த்துக்கொள்ளலாம். செல்சியில் 172 ஆட்டம், 45 கோல். மிலானில் போன சில மாதங்களைத் தாராளமாகத் தாண்டிவிடுங்கள்.

ஆறாம் படி: வீடு திரும்பியது

2015 ஜனவரியில் அட்லெடிகோ அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வெறும் அறிமுக நிகழ்ச்சி, ஆட்டம்கூட இல்லை. விசென்தே கால்தெரோன் மைதானத்துக்கு ஏறக்குறைய 45,000 பேர் வந்தார்கள். சில நாட்களில் ரியல் மாட்ரிடின் சொந்த மைதானமான பெர்னபூவில் இரண்டு பாதியின் முதல் நிமிடத்திலும் ஒவ்வொரு கோல் அடித்து ரியலை ஸ்பெயினின் கோப்பா டெல் ரே போட்டியிலிருந்து வெளியேற்றினார். இளமையில் அந்த மைதானத்தில் அவருக்கு ஒரு கோல்கூட அமைந்ததில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் லிவர்பூலில் நடந்த ஒரு அறக்கொடை ஆட்டத்துக்கு அவர் போனபோது, ஜெர்சியை எரித்த ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான்.

2016 பிப்ரவரி 6, ஐபாருக்கு எதிராக அட்லெடிகோவுக்கான 100-ஆவது கோல். 99-ஆவது கோல் முந்தைய செப்டம்பரில் வந்தது, அந்த ஒன்றுக்காக ஐந்து மாதம் காத்திருந்தார். அன்று போட்டிருந்த ஜெர்சியை மனுவேல் பிரின்யாஸிடம் கொடுத்தார். சிறுவனாக இருந்தபோது தன்னைக் கண்டெடுத்தவரிடம். டோரஸ் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

2018 மே 16, லியோனில் யூரோபா லீக் இறுதி. அவர் ஆடியது கடைசியில் சில நிமிடங்கள் மட்டும். ஆனால் கோப்பையைக் கேப்டன் காபி தனியாகத் தூக்கவில்லை, டோரஸையும் கூட்டி நிறுத்தி இருவருமாகத் தூக்கினார்கள். உலகக் கோப்பை, இரண்டு யூரோ, சாம்பியன்ஸ் லீக் எல்லாம் வென்றவருக்கு, சிறு வயதிலிருந்து நேசித்த கிளப்போடு கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. நான்கு நாள் கழித்து கடைசி ஆட்டத்தில் மறுபடி ஐபார், இரண்டு கோல். ஜப்பானின் சாகன் தோசுவில் ஓராண்டு ஆடிவிட்டு 2019 ஆகஸ்ட் 23-இல் முடித்துக்கொண்டார். இனியெஸ்டாவும் வியாவும் இருந்த விசெல் கோபேவிடம் 1-6 என்று தோற்ற ஆட்டம் அது. 2021-இல் அட்லெடிகோவின் இளைஞர் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இறங்கினார்.

அப்புறம் என்ன பார்ப்பது?

நேரம் குறைவென்றால் முதல் படியையும் நான்காம் படியின் ஜோடியையும் மட்டும் பாருங்கள், ஒரு மாலை போதும். முழுதும் பார்ப்பதாக இருந்தால் வாரம் ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தால் கோல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு இந்த வாரம் நேரலையில் வரும் ஏதாவது ஒரு ஆட்டத்தை எடுத்து, ஒரு ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்துகொண்டு முதல் 20 நிமிடம் அவரை மட்டும் பின்தொடருங்கள். பந்து வராத ஓட்டங்களை எண்ணுங்கள். அடுத்த ஸ்பானியராக டேவிட் வியாவை எடுத்துக்கொள்ளலாம். 59 கோலோடு ஸ்பெயினுக்காக அதிக கோல் அடித்தவர் அவர். டோரஸ் டிஃபண்டருக்குப் பின்னால் ஓடும் இடத்தில் வியா இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருவார். 2008-இல் இருவரும் சேர்ந்து ஆடிய ரஷ்யா, சுவீடன் ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள்.